தொப்பியின் கும்கி கேட்கிறதா?

டிசம்பர் 5, 2024, வியாழன்

அக்கா வீட்டு நவராத்திரிக் கச்சேரியின் பதிவுகள் இன்னும் கணினியில் கிடக்கின்றன. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா. இரண்டு மைக் வைத்து எடுத்தது. சத்தத்தைச் சமப்படுத்தி, இருமலையும் நாற்காலி இழுபடும் ஓசையையும் களைந்து, மார்கழி முடிவதற்குள் பாடியவரிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் வைத்துக் கேட்க இந்த வீட்டில் வழியில்லை. பகலில் பேருந்துச் சாலையின் இரைச்சல். இரவில் அடுத்த அறையில் அம்மா தூங்குகிறார். எனவே காதுக்குள் பொருத்தும் இயர்போன்தான்.

எப்படிப்பட்டது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிக்க இனிக்க ஒலிப்பது வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்வது வேண்டும். பேஸ் தூக்கலான இயர்போனில் கேட்டால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி அதிகமாக விழுந்திருக்கிறது என்று நினைத்து அதைக் குறைத்துவிடுவேன். பிறகு சாதாரண ஸ்பீக்கரில் கேட்பவருக்கு மிருதங்கக்காரரின் இடது கையே இருக்காது. ட்ரெபிள் கூர்மையாக இருந்தால் வயலின் வில்லின் உரசலை மழுக்கிவிடுவேன். இயர்போன் சொல்லும் பொய் தலைகீழாகத் திரும்பிப் பதிவில் போய் உட்காரும். ஆயுள் முழுக்க சாதகம் செய்தவரின் வாசிப்பு அப்படிச் சிதையக் கூடாது.

டிசம்பர் 7, சனி

ரிச்சி தெரு. தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தேன். கடையில் பையன் எடுத்துப் போட்ட பாட்டு எந்த இயர்போனிலும் அசத்தும். அதற்கென்றே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். என் போனில் இருந்த தம்புராப் பதிவைப் போடச் சொன்னேன். "சார், இதுல பாட்டே வரலையே" என்றான். வராது. அதற்காகத்தான் கொண்டுபோனேன்.

ஒரு கட்டை சுருதிக்குக் கூட்டிய தம்புராவில் சாரணி 131 ஹெர்ட்ஸ், மந்தரம் 65 ஹெர்ட்ஸ். ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டால் அங்கிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை மேல் ஒலிகள் விட்டுப்போகாமல் அடுக்கடுக்காக எழும். தாளம் கிடையாது, சொல் கிடையாது, கவனத்தைத் திருப்ப எதுவும் கிடையாது. இயர்போனில் எங்காவது மேடு இருந்தால் ரீங்காரத்தின் அந்தப் பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளம் இருந்தால் தம்புரா பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இதைவிட நல்ல சோதனைப் பதிவை நான் அறியேன்.

"இதோட ஒரு ஆம்ப் போட்டீங்கன்னா வேற லெவல் சார்" என்றார் முதலாளி. ஆம்ப் வாங்கவில்லை. இரண்டு அளவில் ரப்பர் முனைகள், 33 ஓம் ரெசிஸ்டர், 3.5 மி.மீ. சாக்கெட் ஒன்று. இவ்வளவுதான் வாங்கினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பகல் முழுக்கப் படிப்பு. காதுத் துவாரம் ஏறத்தாழ 25 மி.மீ. நீளமுள்ள குழல். ஒரு முனையில் செவிப்பறை, மறுமுனை திறந்தது. அதனால் 3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வரும் ஒலியை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கிறது. பிறந்தது முதல் நாம் கேட்கும் எல்லாக் குரலும் இந்தப் பெருக்கத்தோடுதான் வருகிறது. இயர்போனைச் செருகியதும் துவாரம் அடைபட்டு அந்த இயற்கை மேடு இல்லாமல் போகிறது. எனவே இயர்போன் அதைத் தானே உண்டாக்கித் தர வேண்டும். வரைபடத்தில் நேர்கோடாக இருக்கும் இயர்போன் காதுக்கு நேராக ஒலிக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதை வணிகப் பொருளாக முதலில் செய்து காட்டியவர் மீட் கில்லியன். காதுகேட்புக் கருவித் துறையிலிருந்து வந்தவர்; 1983இல் அமெரிக்காவின் இல்லினாயில் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 1991இல் வெளிவந்த இ.ஆர்.4, காதுகேட்புக் கருவிகளில் பயன்படும் சின்னஞ்சிறிய பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவரை வைத்துச் செய்யப்பட்டது. செவிப்பறைக்கு என்ன போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து வடிவமைத்த இயர்போன். இன்றைக்கும் அதன் வாரிசுகள் விற்கின்றன.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து உருவாக்கிய ஹார்மன் வளைவு வேறு வகை. பெரும்பாலானோர் எதை விரும்புகிறார்கள் என்று அது சொல்கிறது. பேஸ் அதில் தாராளம். விருப்பம் தவறில்லை. ஆனால் திருத்தும் வேலைக்கு உட்காருபவன் விருப்பத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

வரைபடங்களைப் பற்றி ஒன்றைக் குறித்துவைக்கிறேன். வழக்கமான அளவைக் காதில் 8 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் தெரியும் முகடு, இயர்போனை எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும். அதற்கு மேலே உள்ள கோட்டைப் பார்த்து வாங்குவது வீண்.

டிசம்பர் 9, திங்கள்

மூன்று இயர்போன் இரவலாகச் சேர்ந்தன. வயலின் வாசிக்கும் தோழி தந்த எட்டிமோட்டிக் இ.ஆர்.4எஸ்.ஆர். அக்கா மகனின் ட்ரூத்இயர் ஸீரோ ரெட், 2023இல் வந்தது. அலுவலக நண்பருடையது பக்கத்துக்கு ஐந்து டிரைவர் கொண்ட விலையுயர்ந்த ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று பாட்டே கேட்கவில்லை. காதில் பொருத்துவதை மட்டும் பார்த்தேன்.

கணினியில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, முனைகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். சரியான அளவு என்றால் ஒலி தலைக்கு நடுவில் திரண்டு நிற்கும். சிறிது கசிந்தாலும் மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வாயைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும்; தாடை அசையும்போது அடைப்பு விட்டுப்போகும் காதுகள் உண்டு. எனக்கு வலது காதுக்கு நடுத்தர முனை, இடது காதுக்குப் பெரியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இ.ஆர்.4எஸ்.ஆரின் மூன்றடுக்கு முனை ஆழமாகப் போகும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, முனையை லேசாக நனைத்து, மெல்லத் திருகிச் செருகினால் உள்ளே அமர்ந்துவிடும். எடுக்கும்போதும் மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையில் உறிஞ்சல் தெரியும். அமர்ந்ததும் மின்விசிறி மறைந்தது, பேருந்து மறைந்தது. வெளி ஓசை இப்படி அடங்குவதும் துல்லியத்தில் சேர்த்திதான். சாலை இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் நிம்மதியாக வேலை செய்யலாம்.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. வீட்டிலேயே இருந்ததால் ஆம்ப் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

மேசையில் மூன்று. நண்பர் தந்த பழைய கையடக்க ஆம்ப் ஒன்று. லேப்டாப்பில் செருகும் ஆப்பிள் டாங்கிள், சுண்டுவிரலைவிடச் சிறியது. மூன்றாவது, இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஓ2. ஓ2வுக்கு ஒரு கதை உண்டு. என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், விலையுயர்ந்த ஆம்ப்கள் பலவற்றைக் கருவியில் அளந்து குறைகளை வெளியிட்டார். பிறகு 2011இல் தாமே ஓர் ஆம்ப்பை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று சுற்றுப்படத்தை முழுவதுமாகக் கொடுத்தார். 2012இல் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் யார் என்பது வெளியே வரவேயில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அளக்கும் முறை எளிது. 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒன்றும் இணைக்காமல் வெளியீட்டு மின்னழுத்தத்தை 0.500 வோல்ட்டுக்கு வைக்க வேண்டும். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே இணைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஆம்ப்பில் 0.380க்கு இறங்கியது: உள் மின்தடை 10.4 ஓம். டாங்கிளில் 0.487: சுமார் 0.9 ஓம். ஓ2வில் 0.492: அரை ஓம்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஐந்து டிரைவர் இயர்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றுபோல் இல்லை. கீழே 40 ஓம். 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 8 ஓம் வரை சரிகிறது. 10.4 ஓம் உள்ள ஆம்ப்பில் இதைச் செருகினால் மின்னழுத்தம் ஆம்ப்புக்கும் இயர்போனுக்கும் பங்கு பிரிந்து, 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி கீழ்ப்பகுதியைவிட 5 டெசிபெல் குறைந்துபோகிறது. டாங்கிளில் இந்த வேறுபாடு முக்கால் டெசிபெல்தான். அந்த 5 டெசிபெலில் போவது வயலின் வில் தந்தியைக் கவ்வும் சத்தம். "இந்த ஆம்ப் சூடான ஒலி தரும்" என்று பெட்டிமேல் எழுதி விற்பார்கள். நடந்ததோ ஒரு மின்தடைக் கணக்கு. ஸீரோ ரெட் பெட்டிக்குள்ளேயே 10 ஓம் இணைப்புக் கம்பி ஒன்று இருக்கிறது, பேஸைக் கூட்டிக்கொள்ள. அதைச் சொல்லிவிட்டே கொடுக்கிறார்கள், அது நேர்மை.

இயர்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே ஆம்ப்பின் உள் மின்தடை இருக்க வேண்டும் என்பது பழகிய விதி. 45 ஓம் இ.ஆர்.4எஸ்.ஆருக்கு டாங்கிளிலும் ஓ2விலும் பிரச்சினையில்லை; 8 ஓமுக்குச் சரியும் இயர்போனுக்கு 1 ஓம்தான் எல்லை.

சக்தி போதுமா? இ.ஆர்.4எஸ்.ஆர் 0.1 வோல்ட்டுக்கு 96 டெசிபெல் தரும். டாங்கிள் தரும் 1 வோல்ட்டுக்கு 116. யாருடைய காதுக்கும் அது ஆபத்தான சத்தம். தலையில் மாட்டும் 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர் ஆம்ப்பைப் பற்றி யோசிக்கலாம். காதுக்குள் போகும் இயர்போனுக்குத் தேவை சக்தியல்ல, அமைதி. பாட்டு ஓடாதபோது "ஸ்ஸ்" என்ற இரைச்சல் வரக் கூடாது. பழைய ஆம்ப்பில் அது தெளிவாகவே வந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்கு வேலை. இயர்போனைத் தொடவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கச்சேரி. மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். சபாவில் கேட்பது அரங்கின் ஸ்பீக்கரை. அதை வைத்து இயர்போனை நிதானிக்க முடியாது.

மிருதங்கக்காரருக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் இடம் கிடைத்தது. ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பினார். ஒரு தட்டு, கொஞ்சம் கிள்ளி எடுத்தார், மறுபடி தட்டினார். சுருதியோடு சேர்ந்ததும் தலையசைத்தார். வலப்பக்கமான வலந்தலையில் கரணை ஏற்கெனவே அமர்ந்தது. அந்தக் கருப்பு வட்டம் இருப்பதால்தான் வலந்தலையின் மேல் அதிர்வுகள் முழு எண் மடங்குகளில் வந்து நின்று, தோல் வாத்தியம் சுருதியோடு பேசுகிறது. சர் சி.வி. ராமன் இதை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிய குறிப்பிலும், 1934இல் விரிவான கட்டுரையிலும் விளக்கினார். ஆகவே மிருதங்கத்தைச் சரியாகக் காட்டாத இயர்போன் ஸ்வரத்தையும் சரியாகக் காட்டாது.

தனி ஆவர்த்தனத்தில் கும்கி. மணிக்கட்டின் அடிப்பகுதியைத் தொப்பியில் அழுத்தி நகர்த்தும்போது ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறுகிறது. காதில் கேட்பதற்கு முன்பே தரையில் ஊன்றிய என் உள்ளங்கையில் தெரிந்தது. சாப்பு விழும்போது முன்னே ஒரு சுள், பிறகு நீண்டு தேயும் நாதம்.

வீட்டுக்காரர் அனுமதியோடு அதையும் இரண்டு மைக்கில் பதிந்துகொண்டேன். நினைவு ஆறுவதற்குள் வீடு திரும்பி டாங்கிளில் கேட்டேன். ஐந்து டிரைவர் இயர்போனில் எல்லாம் மினுமினுப்பு. ஆனால் பாடகரின் குரலும் வயலினும் ஒரே அறையில் இருந்ததாகத் தெரியவில்லை. ஸீரோ ரெட்டில் கும்கி ஏறத்தாழ அங்கே கேட்டபடியே. இந்த விலைக்கு இது பெரிய காரியம். இ.ஆர்.4எஸ்.ஆரில் குரல், வில், சாப்பின் சுள் மூன்றும் அச்சு அசல். தொப்பியின் கனம் மட்டும் ஒரு பிடி குறைவு. ஈக்வலைஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபெல் ஏற்றினேன். கனம் வந்துவிட்டது, மேலே எதுவும் கலங்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

அக்கா மகன் வந்தான். டாங்கிளையும் ஓ2வையும் மல்டிமீட்டரில் ஒரே சத்தத்துக்கு வைத்துக்கொண்டோம். சத்தம் அரை டெசிபெல் கூடினாலும் "இதுதான் நல்லா இருக்கு" என்று மனம் சொல்லிவிடும். ஆகவே இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அவன் என் முதுகுக்குப் பின்னால் இருந்து மாற்றி மாற்றிச் செருகினான். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இடம் மாறி உட்கார்ந்தபோது அவனாலும் முடியவில்லை. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானா மாமா?" என்றான். இ.ஆர்.4எஸ்.ஆருக்கு, இந்தச் சத்தத்துக்கு, ஒன்றுதான். பழைய ஆம்ப்பில் ஐந்து டிரைவரைச் செருகியபோது மட்டும் இருவருமே உடனே கண்டுபிடித்தோம்.

டிசம்பர் 20, வெள்ளி

இ.ஆர்.4எஸ்.ஆர் வாங்கிவிட்டேன். நவராத்திரிப் பதிவில் பாதி முடிந்தது. தொப்பியை எங்கும் குறைக்கவில்லை.

இயர்போன் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வேன்: உங்களுக்கு நேரில் பழக்கமான ஒரு குரலின், ஒரு வாத்தியத்தின் பதிவைக் கொண்டுபோங்கள். முதலில் முனையைப் பொருத்துங்கள், பிறகு ஒலியைப் பற்றிப் பேசுங்கள். ஆம்ப் விற்கிறவரிடம் உள் மின்தடை எத்தனை ஓம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். உண்மை பேசுகிற இயர்போனுக்கு 1 ஓம் டாங்கிள் போதும். ஆம்ப்புக்கு ஒதுக்கிய தொகையில் நான் இன்னும் ஒரு மைக் வாங்குகிறேன், அடுத்த நவராத்திரிக்குத் தொப்பிப் பக்கம் தனியாக வைக்க.