கைகளும் அமானிதமே



மூக்குடன் கூடிய நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் ஆகிய ஏழு உறுப்புகள் தரையில் படுமாறு ஸுஜூது செய்ய நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். உள்ளங்கையை விரித்து ஊன்றும்போது மணிக்கட்டு எவ்வளவு தூரம் பின்னோக்கி வளைகிறது என்பதை நலமாக இருப்பவர் உணர்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நான் உணரத் தொடங்கினேன். ஸுஜூதில் வலது மணிக்கட்டில் சுருக்கென்று வலித்தது. இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப் போயின. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. மணிக்கட்டின் குறுகிய வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறது என்றார் மருத்துவர். சுண்டுவிரலுக்கு உணர்வு தருவது வேறு நரம்பு; ஆதலால் அது தப்பிவிடுகிறது.

மத்ரஸா ஆசிரியருக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். வினாத்தாள், பாடக்குறிப்பு, மாலை நேர இணைய வகுப்பு என இன்று எங்கள் பணியில் பாதி விசைப்பலகையில்தான் நடக்கிறது. பணியை விட இயலாது. எனவே கருவியை மாற்றுவதே வழியாயிற்று. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றை அணியச் சொன்ன மருத்துவர், பகலிலும் அது நேராக இருக்கும்படி கருவிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இந்த ஒரு சொல்லே எனக்கு அளவுகோலாக அமைந்தது.

சாதாரண விசைப்பலகையில் இரு கைகளும் நடுவே நெருங்கி வருவதால் மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன. இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையில் ஒவ்வொரு பாதியையும் அந்தந்தத் தோளுக்கு நேரே வைக்கலாம். அது கிடைக்காவிடில், வலப்புறம் எண் விசைகள் இல்லாத சிறிய விசைப்பலகை போதும். மவுஸ் அருகில் வந்துவிடும், தோள் விரிய வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் அதன் பின்புறம் உள்ள சிறு கால்களை மடக்கி வையுங்கள். அவை விசைப்பலகையை உயர்த்தி மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கின்றன. முன்னால் வைக்கும் மெத்தைப் பட்டை ஓய்வின்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்ப்பதற்கே. தட்டச்சு செய்யும்போது அதில் மணிக்கட்டை அழுத்தக் கூடாது.

மவுஸில் நான் தேர்ந்தெடுத்தது செங்குத்தாக நிற்கும் வகை. ஸலாம் கூறி முஸாஃபஹா செய்யக் கை நீட்டுகிறோமே, ஏறத்தாழ அதே நிலையில் அதைப் பிடிக்கலாம்; முன்கை முறுக்கிக்கொள்வதில்லை. ஆனால் அது கையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பெரிய மவுஸைச் சிறிய கை இறுகப் பற்றினால் வேறோர் இடத்தில் வலி தோன்றும். ஆகவே கடையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

வலக்கைக்கு ஓய்வு தர, சில நாள்கள் சாதாரண மவுஸை இடக்கையால் இயக்கினேன். “உஸ்தாத், இடக்கையால் செய்யலாமா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். உண்பது, பருகுவது, கொடுப்பது, வாங்குவது ஆகியவற்றில் வலக்கையைப் பேணுவது நமது ஒழுக்கம். கருவியை இயக்குவதில் இரு கைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்குத் தடையில்லை என்று விளக்கினேன்.

செலவில்லாத வழிகளும் உண்டு. விண்டோஸின் அரபு விசைப்பலகையில் ஃபத்ஹா, ளம்மா, கஸ்ரா ஆகியவற்றுக்கு ஷிஃப்ட் விசை தேவை. அவற்றின் இடமோ இடக்கைப் பக்கம். ஹரகத்துடன் ஒரு பக்கம் அடிப்பவர் இடக்கையாலேயே ஷிஃப்டையும் அழுத்தினால் கை திருகிக்கொள்கிறது. வலப்புற ஷிஃப்டைப் பயன்படுத்துங்கள். தமிழுக்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையைப் பழகலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன; ஆங்கில எழுத்துகளின் ஒலிவழி அடிப்பதைவிட விசைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. நாம் மிகுதியாக எழுதும் ஸ, ஹ, ஜ ஆகியவற்றுக்கு மட்டும் ஷிஃப்ட் வேண்டும். அங்கும் வலப்புற ஷிஃப்டே உதவும்.

இதற்கெல்லாம் பணம் செலவழிப்பது வீண்விரயமாகாதா என்ற கேள்வி என் உள்ளத்திலும் எழுந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திலேயே உடலின் உரிமை காக்கப்பட வேண்டுமெனில், பிழைப்புக்கான வேலையில் அதை எப்படிப் புறக்கணிப்பது? விளக்குகள் மின்னும் விலையுயர்ந்த விசைப்பலகையை ஆசைக்காக வாங்குவது வேறு. கையைக் காக்கப் பொருந்தியதை வாங்குவது வேறு.

ஆனால் கருவி மருந்தாகிவிடாது. அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்து விரல்களை விரித்து மடக்க வேண்டும். மரத்துப்போதல் நீடித்தாலோ, பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினாலோ மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது. எனக்கு வலி பெரிதும் குறைந்துள்ளது, அல்ஹம்துலில்லாஹ். நெடுநேரம் அடித்த நாள்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

நம் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கட்டிலிலும் பாயிலும் குனிந்தமர்ந்து மடிக்கணினியில் மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அதைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்துக் கொடுங்கள். உயர்த்துவதற்குக் கிதாபுகளை அடியில் அடுக்க வேண்டாம்; ஒரு மரப்பலகை போதும்.

வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் நாளொன்று உண்டு என்று யாஸீன் ஸூராவில் ஓதுகிறோம். நாம் செய்தவற்றையெல்லாம் சொல்லவிருக்கும் அக்கைகளை நலத்துடன் பேணி, நன்மையில் ஈடுபடுத்த அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.