காலடி ஓசை

1981-ஆம் ஆண்டின் கோடை. என் உம்மா வஃபாத்தாகி நாற்பது நாள்கூட நிறைவுறவில்லை. நாகூருக்கு மேற்கே, அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த எங்கள் ஊர் வயல்களில், எண்ணெயும் எரிவாயுவும் தேடும் குழுவொன்று வந்திறங்கிற்று.

காவிரிப் படுகையில் இத்தேடல் 1960-களிலேயே நடந்ததுதான். எங்கள் ஊருக்கு மட்டும் புதிது. வரப்புகளைக் கடந்து நேர்கோடாகக் கம்பிவடம் ஓடிற்று. கையளவுக் கருவிகளைச் சீரான இடைவெளியில் மண்ணில் ஊன்றினர். ஆழத் துளையிட்டு, வெடிமருந்தை இறக்கி வெடித்தனர். மேலே கேட்டது ஒரு மெல்லிய உறுமல், காலடியில் சிறு நடுக்கம், அவ்வளவே.

வேடிக்கை பார்த்த எனக்கு இளம் பொறியாளர் ஒருவர் விளக்கினார். வெடியின் அதிர்வு பாறைகளினூடே நொடிக்கு 2,000 முதல் 4,000 மீட்டர் வரை விரையும். அடுக்கு மாறுமிடத்தில் அதன் ஒரு பகுதி எதிரொலியாய்த் திரும்பும். போய்வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பர். ஆயினும் வாயு தங்கக்கூடிய அமைப்பையே எதிரொலி காட்டும். வாயு உண்டா என்பதைத் துளையிட்டே அறிய வேண்டும்.

“வெடிக்கும்போது நடமாடாதீர்கள் தம்பி, இக்கருவிக்குக் காலடி ஓசையும் கேட்டுவிடும்” என்றார்.

மறுநாள் அக்கோடு எங்கள் மையவாடியைத் தொட்டது. துளைக்கான முளைக்குச்சி உம்மாவின் கபுருக்குப் பத்தடி தொலைவில் நின்றது.

ஜமாஅத்தில் பேச்சு இரண்டுபட்டது. “கபுருகளைக் கலைக்கலாகாது” என்றனர் பெரியவர்கள். “வாயு கிடைத்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்” என்றனர் மற்றவர்கள். படித்துவிட்டு வேலையின்றி இருந்த நானும் இரண்டாம் பக்கமே நின்றேன். அதை இன்று சொல்ல நாணுகிறேன்.

வாப்பா எவரோடும் வாதிடவில்லை. நேரே பொறியாளரிடம் சென்றார். “ஐயா, அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடி ஓசை மய்யித்துக்குக் கேட்கும் என்பது எங்கள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது. உங்கள் கருவி இங்கே கேட்டுக்கொள்ளட்டும், வெடி மட்டும் வேண்டாம்” என்றார்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, துளையைத் தள்ளியமைத்தாலும் கணக்கில் ஈடுசெய்யலாம் என்று கூறி, முளைக்குச்சியைத் தாமே பிடுங்கி வாய்க்காலுக்கு அப்பால் நட்டார். அஸருக்குப் பின் வெடித்தபோது, எவரும் உள்ளே நடவாதபடி வாப்பா மையவாடி வாசலில் காவல் நின்றார்.

எங்கள் ஊரில் துளையிடவில்லை. சில ஆண்டுகளில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது; 1993-இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. நானோ அரபுநாட்டு எண்ணெய் வயலொன்றில் கணக்கெழுதிக் காலங்கழித்தேன். 2020-இல் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. விவசாயி மகனாக அதை வரவேற்றேன்; என் வீட்டு அடுப்பும் வாயுவில்தான் எரிகிறது என்பதையும் மறக்கவில்லை.

கேட்டல் என்றால் செவிமடுத்தலுமாகும், இசைவு வேண்டலுமாகும். மண்ணைக் கேட்க வந்த அவ்விளைஞர் மனிதரையும் கேட்டார். அறிவுக்கு அந்தப் பணிவு இருந்துவிட்டால் பாதிப் பிணக்குகள் எழமாட்டா.

வாப்பாவும் இப்போது உம்மாவின் அருகில்தான் இருக்கிறார்கள். ஸியாரத் செய்து திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் மெல்லவே நடக்கிறேன்.