கிளச்சுப் புராணம்

இருபது வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் உராய்வைப் பற்றிப் பாடம் சொல்லி வருகிறேன். அந்த உராய்வு எனக்குப் பாடம் சொன்னது ஏற்காட்டு மலைப்பாதையில்!

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன ஆஸ்தி ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். 1955-ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் நம் நாட்டுத் தொழிலாக வேரூன்றிய வண்டி என்று அவருக்கு அதில் அபாரப் பெருமை.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் கிளச்சுப் பிடி சற்று ஆடுவது என் கண்ணுக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. கேபிளின் திருகை முறுக்கி அந்த ஆட்டத்தை அறவே ஒழித்தேன். மறு வாரம் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து புறப்பட்டேன். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் என்ஜின் சிங்கம்போல் கர்ஜித்தது. வண்டியோ நத்தைபோல் ஊர்ந்தது. கருகிய நாற்றம் வேறு. நிறுத்திவிட்டு மறுபடி உதைத்தால், கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே போயிற்று.

"என்ஜின் போய்விட்டது. அப்பாவின் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான்" என்றேன். தொண்டை அடைத்தது.

"போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிடியில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தீர்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையா?" என்றாள் மனைவி.

சம்பந்தம் இருந்தது! கிளச்சுக்குள் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடிக்கும்போது, உராய்வினாலேயே என்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. பிடியை இழுத்தால் நெருக்கம் விடுபடும். பிடியில் ஆட்டமே இல்லாவிட்டால், நாம் இழுக்காதபோதும் அந்த நெருக்கம் குறைந்து தட்டுகள் வழுக்கும், சூடேறித் தேயும். ஆட்டம் மிகுந்தாலோ, தட்டுகள் முழுவதும் பிரியாமல் கியர் விழ மறுக்கும். 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பதே லட்சணம்.

சூடு ஆறும்வரை காத்திருந்து, திருகைத் தளர்த்தினேன். வண்டி மெதுவாக மலையேறிற்று. ஊர் திரும்பிப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு தட்டுகள் கருகியிருந்தன. புதியவை வாங்கிப் போட்டேன். என் அதிமேதாவித்தனத்துக்கு அது அபராதம்.

அது முதல் கேபிளுக்கு அவ்வப்போது சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிறேன். பிடியருகே இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கிளச்சுப் பெட்டியில் அதற்குரிய எண்ணெயை அளவோடு ஊற்றுகிறேன். கண்ட எண்ணெயையும் ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆகையால் காலையில் சாவியைப் போடுமுன், பிடியை இழுத்துக்கொண்டு நாலு முறை உதைத்து அவற்றைப் பிரித்து விடுகிறேன்.

இன்னொரு மாறுதலும் உண்டு. வகுப்பில் பையன்கள் கொஞ்சம் அசைந்தால், முன்போல் உடனே திருகை முறுக்குவதில்லை.