வயலின் நிறம் சாட்ஜிபிடிக்குத் தெரியாது

மலேசியாவின் செகிஞ்சான் நெல்வயலில் கல்யாணப் படம் எடுக்கும் எனக்கு, கேமரா தூக்குவதைவிடப் பெரிய தலைவலி வாடிக்கையாளருக்குப் புரொபோசல் எழுதுவதுதான். கோலாலம்பூர் ஜோடிக்கு ஆங்கிலம், ஹோம்ஸ்டே முதலாளிக்கு மலாய். இப்போது வரைவை சாட்ஜிபிடியிடம் தள்ளிவிடுகிறேன்.

சும்மா 'ஒன்று எழுதிக் கொடு' என்றால் எல்லாருக்கும் ஒரே சர்க்கரைப் பாகுதான். 'பொன்னிற நெல்வயல்' கட்டாயம் இருக்கும். இங்கே வருஷத்துக்கு 2 போகம். நடவு சமயத்தில் தண்ணீரில் வானம் தெரியும், பிறகு பச்சை, அறுவடைக்கு முன் கொஞ்ச நாள்தான் பொன்னிறம், அப்புறம் வெறும் தாள். பொண்ணு கேட்கும் தேதியில் வயல் எப்படி இருக்கும்? வயல்காரரைக் கேட்டால்தான் தெரியும். கேட்டு அதையும் எழுதிக் கொடுத்தால், வரும் வரைவே வேறு.

எனக்கு அதிகம் உதவுவது எழுதுவதைவிட, சரிபார்ப்பதுதான். வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் செய்தியையும் என் வரைவையும் சேர்த்துப் போட்டு, 'இவர் கேட்டதில் எதற்கு நான் பதில் சொல்லவில்லை?' என்பேன். மழை வந்தால் என்ன, மீதிப் பணம் எப்போது, ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்று வரிசையாகப் பிடித்துவிடும். பெயர், போன் நம்பரை முதலிலேயே அழித்துவிடுவேன். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு?

விலையை நான்தான் போடுவேன். ட்ரோன் பற்றிய வாக்கியத்தையும் நான்தான் பார்ப்பேன். 'வான்வழிக் காட்சிகள் உண்டு' என்று அது தாராளமாக எழுதிவிடும். வான் போக்குவரத்து ஆணையம், நில அளவைத் துறை என்று அனுமதிக்கு அலைவது அதுவா?

பந்தாய் ரெடாங் கடற்கரைப் பக்கம் படமெடுக்கும் நண்பர்களே, மழையில் தேதி தள்ளிப்போனால் கட்டணத்தை எப்படி எழுதுகிறீர்கள்?