உப்பேறிய வயலும் வெண்கண்டல் மரமும்

மரத்தின் பெயரால் ஊர் அமைவது நம் நாட்டு வழக்கம். பாதிரி மரத்தால் எங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூர் ஆயிற்று. தில்லை மரத்தால் சிதம்பரம் தில்லை ஆயிற்று. அந்தத் தில்லை மரங்களைக் கூட்டமாகக் காண வேண்டுமானால் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரம் உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். என் தாய்மாமாவின் வயல் அந்தக் கழிக்கு அரைமணி நடைத் தொலைவில், கடைமடையில் இருக்கிறது.

வயல் என்று சொல்ல இப்போது நா தயங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் கடல்நீர் ஏறிய நிலம் அது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், மழைநீரைத் தேக்கி வடித்தும் மாமா அந்த மண்ணை மீட்டெடுத்தார். ஆனால் சில ஆண்டுகளாக ஆழ்குழாய்த் தண்ணீரே உவர்க்கிறது. நட்ட நாற்று வேர் பிடிக்கும் முன்பே இலைநுனி கருகிவிடுகிறது.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். இறால் பண்ணை வைக்க ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்பதாகத் திண்ணையில் பேச்சு. மாமா முடிவு சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ செடிகொடியைப் பத்தித்தானே மூணு வருஷமா படிக்கிறே? உப்புல வெளையற நெல்லு ஒண்ணும் உங்க புஸ்தகத்துல இல்லியா?" என்றார். எந்தத் தேர்விலும் வராத கேள்வி! விடை தெரியாமல் விழித்தேன்.

மறுநாள் பிச்சாவரத்தில் படகேறினேன். வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு! வேரின் வழியே உள்ளே புகுந்த உப்பை அம்மரம் இலையின் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சியதைத் தாங்க அதனிடம் வேறொரு வித்தையும் உண்டு. அதைக் கல்லூரிக்குத் திரும்பி நூலகத்தில் தேடியபோதுதான் அறிந்தேன்.

செடியின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சமையலறை. அங்கே நொதிகள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இதையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். வெண்கண்டலின் சமையலறையில் கோலின் என்னும் பொருள் இரண்டு படிகளில் கிளைசின் பீட்டெய்ன் ஆகிறது. இந்தப் பீட்டெய்ன் உயிரணுவை விட்டு நீர் வெளியேறாமல் காக்கிறது. புரதங்கள் சிதையாமலும் பார்த்துக்கொள்கிறது. நெல்லிடமும் கோலின் இருக்கிறது. ஆனால் அதைப் பீட்டெய்னாகச் சமைத்துச் சேர்த்துவைக்க நெல்லுக்குத் தெரியாது. அரிசி இருந்தும் பொங்கத் தெரியாத வீடு போல!

தெரியாததைக் கற்றுக்கொடுத்தால் என்ன? அந்த முயற்சிக்கு வளர்சிதை மாற்றப் பொறியியல் என்று பெயர். 1998இல் ஜப்பானில் நோரியோ முராட்டா குழுவினர் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை நெல்லில் சேர்த்தனர். இரண்டு படி வேலையை ஒரே நொதி செய்து முடித்தது. நெல் தானே பீட்டெய்ன் சமைத்தது. உப்பில் வாடிய பிறகு விரைவில் தேறியது. 2002இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அகிலேஷ் தியாகி குழுவினர் அதே மரபணுவை நம் நாட்டுப் பூசா பாஸ்மதி நெல்லுக்குக் கொண்டுவந்தனர்.

அதைவிட என்னை வியக்கவைத்தது இன்னொரு செய்தி. 2008இல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் வெண்கண்டல் மரத்திலிருந்தே ஒரு மரபணுவை எடுத்து நெல்லில் சேர்த்ததை வெளியிட்டனர். உப்பின் வாட்டத்தால் உயிரணுவுக்குள் பெருகும் நச்சு ஆக்சிஜனை அடக்கும் நொதிக்குரிய மரபணு அது. மாமா நாள்தோறும் பார்க்கும் மரத்தின் இனத்திடம் அறிஞர்கள் பாடம் கேட்டிருக்கிறார்கள்!

அப்படியானால் விதை எங்கே? ஆய்வகத் தொட்டியில் பிழைத்த நெல்லெல்லாம் கடைமடை வயலில் பிழைத்துவிடாது. வயலில் உப்போடு வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும். ஒரு மரபணு அத்தனைக்கும் ஈடுகொடுப்பது அரிது. பாதுகாப்புச் சோதனைகளும் மக்களின் ஐயங்களும் வேறு இருக்கின்றன. இந்தியாவில் வணிக முறையில் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பருத்தி ஒன்றே. 2025 மே மாதம் அயல் மரபணு சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற நெல்லை மத்திய அரசு அறிவித்தது. அது வறட்சியையும் உவரையும் தாங்கும் என்றனர். மாமா வழக்கமாக விதை வாங்கும் கடையில் கேட்டேன். கடைக்காரர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மரத்துக்கிட்ட படிச்சுக்கிட்டாங்க, சரி. எங்கிட்ட எப்போம்மா வரும்?" என்றார்.

"தெரியலை மாமா. ஆனா வர்ற அன்னைக்கு நம்ம வயல் வயலா இருக்கணும். குட்டை வெட்டி உப்புத்தண்ணியைத் தேக்கிட்டா அப்புறம் எந்த விதை வந்து என்ன பயன்? பக்கத்து வயலும் சேர்ந்துல்ல கெட்டுப்போகும்?" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. பெரிய முடிவுகளை அவர் உடனே சொல்வதில்லை.

சென்ற வாரம் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியவர், குத்தகைப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். உவர் தாங்கும் நம் பழைய நெல் குழியடிச்சான். அதில் கொஞ்சம் தேடி வாங்கி அரை ஏக்கரில் விதைக்கப் போகிறாராம். அறிவியல் தாமதித்த இடத்தில் பாட்டன் காலத்து விதை நிற்கப்போகிறது.

தோழர்களே, தாவரவியலை மதிப்பெண்ணுக்காகப் படித்துவந்தவள் நான். ஒரு விவசாயியின் கேள்விதான் அதை எனக்குச் சொந்தமாக்கியது. நமக்கு வேண்டிய பாடம் பிச்சாவரத்துச் சேற்றில் வேரூன்றி நிற்கிறது. அந்தக் காட்டைக் காப்போம். அது கற்றுத்தரும் வரை வயலையும் காப்போம். மாமாவின் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இனி நாம்தான்.