இல்லாத கோப்புறை

மூத்தம்மாவின் குரல் 43 ஒலிப்பதிவுகளாக எங்கள் வீட்டு மடிக்கணினியில் இருக்கிறது. அவர் மௌத்தாவதற்கு முந்திய வருடம் ராத்தா தன் போனில் பதிந்தவை. கவியும் உண்டு, வெள்ளாமைக் காலத்துக் கதைகளும் உண்டு. எல்லாவற்றையும் ‘சொன்னவை’ என்றொரு கோப்புறையில் போட்டுவிட்டு ராத்தா பல்கலைக்கழகம் போய்விட்டார்.

கட்டாரிலுள்ள சாச்சி அவற்றைக் கேட்டார். திகதி வாரியாகப் பெயர் மாற்றி அனுப்பலாமென்று பைதனில் சிறு நிரல் எழுதினேன். உயர்தரத்தில் படிக்கும் பாடம்தானே! பாதையில் பின்சாய்கோடு வந்தால் தொல்லை. அதையடுத்து ஆங்கில ‘என்’ எழுத்து நின்றால் பைதன் அதைப் புதிய வரி என்று வாசித்துவிடும். ஆகவே ‘பாத்லிப்’ கொண்டு பாதையைக் கட்டினேன். 2014 இல் வந்த பைதன் 3.4 முதல் அது கூடவே வருகிறது. கோடுகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நிரலை ஓட்டினேன். அப்படியொரு கோப்புறை இல்லை என்றது.

கண்முன்னே இருக்கிறது. சுட்டியால் தட்டினால் திறக்கிறது. ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். “அங்கதான் இரிக்கி, வடிவாப் பாரு” என்றார். மூத்தம்மாவே இல்லை என்று திரும்பவும் யாரோ சொன்னதுபோல் எனக்கு நெஞ்சு அடைத்தது.

பிறகு, அந்த இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று நிரலையே பட்டியலிடச் செய்தேன். ‘சொன்னவை’ வந்தது. அதன் நீளத்தை அச்சிட்டேன்: 8. நான் நிரலில் எழுதிய ‘சொன்னவை’யின் நீளம் 7.

ஒருங்குறியில் ‘சொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘ச’வுக்குப் பின் ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக வரலாம், கொம்பு ஒன்று, அரவு ஒன்று என இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விண்டோஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ராத்தாவின் தட்டச்சுச் செயலி ஒருவிதம், என்னுடையது வேறுவிதம். ‘கோ’, ‘கௌ’ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே என்றாள் வகுப்புத் தோழி. மூத்தம்மா சொன்னவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைப்பது?

இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட, பைதனில் ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதி இருக்கிறது. இரண்டொரு வரிகள்தான் கூடின. 43 பதிவுகளும் வந்தன.

அன்றிரவு சாச்சி கோல் எடுத்தார். ஒன்றும் பேசாமல் முதலாவது பதிவை ஓடவிட்டார். “இது பேசுறதப் புடிக்கிதா புள்ள?” என்று மூத்தம்மா கேட்கிறார்.