நான்கு நாட்டுத் தீவில்

ஜப்பான் தேசம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருபவை டோக்கியோ நகரமும், பூஜி மலையும், அம்பு போல் பாயும் ரயிலுந்தான். அந்தத் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளில் எல்லாவற்றிலும் சிறியதான சிகோகுவைப் பற்றி நேயர்களில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாயும் ரயில் அந்தத் தீவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 'சிகோகு' என்றால் 'நான்கு நாடுகள்' என்று பொருள். பழைய நாடுகள் நான்கும் இன்று நான்கு மாகாணங்களாக இருக்கின்றன. அவற்றுள் வடகிழக்கே உள்ள ககாவா மாகாணத்தின் தலைநகரமாகிய தகமட்ஸுவில், உத்தியோக நிமித்தமாக இரண்டு வருஷ காலம் நாங்கள் வசிக்கும்படி நேர்ந்தது.

'நாங்கள்' என்பது யார் யார் என்று சொல்லிவிடுவது நலம். தம்பதிகளாகிய நாங்கள் இருவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். வங்காள நண்பர் ஒருவர். இவர்களோடு, பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற ஜப்பானியப் பெரியவர் ஒருவர். ஊரார் அவரை 'ஸென்ஸேய்', அதாவது ஆசான், என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். சனிக்கிழமை காலையில் அவர் தலையில் தொப்பியும் முதுகில் பையுமாக வாசலில் வந்து நின்றாரானால், அன்று எங்கேயோ ஒரு மலைக்கு எங்கள் கால்கள் கடன்பட்டுவிட்டன என்று அர்த்தம்.

முதன்முதலில் நாங்கள் போனது கொதோஹிரா என்ற ஊருக்கு. தகமட்ஸுவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம். அங்கே மலைமேல் மாலுமிகளைக் காக்கும் தெய்வத்தின் சந்நிதி இருக்கிறது. பிரதான சந்நிதிக்கு 785 படிகள். அதற்கும் மேலே உள்சந்நிதி வரையில் போனால் 1,368 படிகள். இந்த 785-க்கு ஒரு வேடிக்கையான காரணம் சொல்கிறார்கள். உண்மையில் ஏறும் படிகள் 786. அந்த எண்ணை ஜப்பானிய பாஷையில் ஒரு விதமாக உச்சரித்தால் 'கவலைப்படுதல்' என்று பொருள் வந்துவிடுமாம். ஆகையால் வழியில் ஓரிடத்தில் ஒரு படி கீழே இறங்கும்படி அமைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்கள்! "கவலையைப் போக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கிறதா?" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்கியபடியே.

அந்தத் தெய்வத்தை ஜனங்கள் 'கொம்பிரா' என்று அழைக்கிறார்கள். 'கும்பீரம்' என்ற வடசொல்லே பௌத்தத்தோடு கடல் கடந்து போய்க் 'கொம்பிரா' ஆயிற்று. கும்பீரம் என்றால் முதலை. நம் தமிழ் அகராதியிலும் அந்தச் சொல் உண்டு. 1868-இல் ஜப்பானிய அரசாங்கம் ஷிண்டோ தெய்வங்களையும் பௌத்தத் தெய்வங்களையும் தனித்தனியே பிரித்தபோது, இந்த இடம் ஷிண்டோ ஆலயமாயிற்று. ஆயினும் ஜனங்களின் வாயிலிருந்து அந்தப் பாரதப் பெயரை நீக்க முடியவில்லை. முற்காலத்தில் நேரில் வர இயலாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் காணிக்கைப் பையைக் கட்டி அனுப்புவார்களாம். வழியிலுள்ளவர்கள் அந்த நாய்க்குச் சோறிட்டு, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சேர்ப்பித்து, சந்நிதி வரையில் கொண்டுவந்து விடுவார்களாம். இந்தக் கதையை ஸென்ஸேய் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தீவில் பிறகு நாங்கள் பார்த்தவற்றுக்கெல்லாம் அதுவே முன்னுரையாக அமைந்தது.

கொதோஹிராவுக்குச் சமீபத்தில் மன்னோ ஏரி இருக்கிறது. வடக்கேயும் தெற்கேயும் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் ககாவாவில் மழை குறைவு. ஆகவே மிகச் சிறிய அந்த மாகாணத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளையும் குளங்களையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நெல்லோடு கோதுமையும் விளைவித்து, 'உடோன்' என்ற தடித்த கோதுமைச் சேவையை மூன்று வேளையும் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுகிறார்கள். (அதன் ரசம் கருவாட்டில் காய்ச்சியதாகையால் எங்களில் மரக்கறிக்காரர்களின் பாடு திண்டாட்டமாயிற்று.) ஏரிகளில் பெரியது மன்னோ. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் கரை உடைந்தபோது, 821-இல் அதைச் செப்பனிட அரசாங்கம் அனுப்பிவைத்தது ஒரு துறவியை! அவர்தான் கூகாய் என்ற மகான். சமீபத்திலுள்ள ஸென்ட்ஸுஜியில் 774-இல் பிறந்தவர். 804-இல் சீனாவுக்குச் சென்று, பாரத நாட்டுத் துறவியான பிரக்ஞரிடம் ஸம்ஸ்கிருதம் கற்றவர். அவர் கொண்டுவந்த 'ஸித்தம்' எழுத்துக்களை இன்றும் அந்நாட்டுச் சமாதிக் கற்களில் காணலாம். அரசாங்க அதிகாரிகள் கூப்பிட்டு வராத ஜனங்கள் கூகாய் வந்தார் என்றதும் மண்வெட்டியோடு திரண்டார்கள் என்பது வரலாறு. ஜூன் மாத மத்தியில் அந்த ஏரியின் மதகைத் திறக்கும்போது வயல்காரர்கள் கரையில் கூடி நின்று பார்க்கிறார்கள். நாங்களும் நின்று பார்த்தோம். தண்ணீர் இரைந்து வெளியே பாய்ந்தபோது அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தாமிரபரணி நினைவு வந்திருக்க வேண்டும்.

அந்த மகானின் நினைவாகத் தீவைச் சுற்றி 88 கோயில்களை வலம் வருவது சிகோகுவின் பெரிய யாத்திரை. மொத்தம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். யாத்திரிகர்கள் வெள்ளை அங்கி தரித்து, கோரைத் தொப்பி அணிந்து, கையில் தடி ஊன்றி நடக்கிறார்கள். அந்தத் தடிதான் கூகாய். தனியாக நடப்பவரும் 'இருவர் சேர்ந்து போகிறோம்' என்ற வாசகத்தைத் தொப்பியில் எழுதிக்கொள்கிறார். கூகாய் ஒரு சமயம் பாலத்தின் அடியில் படுத்து இரவைக் கழித்தாராம். ஆகவே பாலத்தின்மேல் போகும்போது தடியை ஊன்றுவதில்லை!

மார்கழிக் குளிரில் ஒரு நாள் 82-ஆம் கோயிலாகிய நெகொரோஜியிலிருந்து 81-ஆம் கோயிலாகிய ஷிரொமினெஜிக்குக் காட்டுப் பாதையில் நடந்தோம். பாதையோரத்தில் ஒரு பலகையின்மேல் கூடை நிறையக் கமலாப்பழம்; பக்கத்தில் எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருத்தி. எங்களைக் கண்டதும் ஆளுக்கு இரண்டு பழம் எடுத்து நீட்டினாள். யாத்திரிகர்களுக்கு இவ்விதம் கொடுப்பதற்கு 'ஒஸெத்தாய்' என்று பெயர். கொடுப்பதை மறுக்கக்கூடாது என்பது மரபு.

"பாட்டி, நாங்கள் யாத்திரிகர்கள் அல்லவே, வெறுமே சுற்றிப் பார்க்க வந்தவர்கள்" என்று ஸென்ஸேயின் மூலம் தெரிவித்தோம்.

"நடந்துதானே வந்தீர்கள்? அது போதும்" என்றாள் பாட்டி.

அவளுடைய மாமியார் காலத்திலிருந்து அந்தப் பலகை அங்கே இருக்கிறதாம். பிள்ளைகள் இருவரும் ஒஸாகாவில் குடியேறிவிட்டார்கள். உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்க எங்களுக்கு நாக்கு எழவில்லை. பாட்டியே அதை ஊகித்தவள்போல், "இந்த வருஷம் பழம் நன்றாகக் காய்த்திருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொல்லாமல் விட்டதை இயா பள்ளத்தாக்கில் கண்ணாரக் கண்டோம். அது தீவின் நடுவே, தொகுஷிமா மாகாணத்து மலைகளுக்கு இடையே இருக்கிறது. அங்கே ஆற்றுக்கு மேல் 14 மீட்டர் உயரத்தில், 45 மீட்டர் நீளத்துக்குக் காட்டுக் கொடிகளால் பின்னிய பாலம் ஒன்று தொங்குகிறது. 1185-இல் போரில் தோற்று மலைக்குள் ஓடிவந்த வீரர்கள், எதிரிகள் தொடர்ந்தால் வெட்டிவிடலாம் என்று கட்டியது என்பது கர்ணபரம்பரை. இப்போது உள்ளே இரும்பு வடமும் உண்டு. என்றாலும் கொடிகளை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகப் பின்னுகிறார்கள். கால் வைத்தால் கட்டைகளின் இடுக்கு வழியே ஆறு தெரிகிறது. வங்காள நண்பர் வாழ்நாளில் முதன்முறையாகக் காளி நாமத்தை உரக்கச் சொன்னார்.

மறுநாள் அதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் நகொரோ என்ற கிராமத்தை அடைந்தோம். வயலில் ஒருவர் குனிந்து நின்றார். பஸ் நிறுத்தத்தில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். கும்பிட்டபடியே அருகில் போனால், எல்லாம் வைக்கோலும் பழந்துணியும் அடைத்த பொம்மைகள்! ஊரில் மனிதர்கள் முப்பது பேர் கூட இல்லை, பொம்மைகளோ நூற்றுக்கணக்கில். இறந்தவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் நினைத்து அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் செய்து வைத்தவை. பள்ளிக்கூடம் 2012-இல் மூடப்பட்டது. வகுப்பறையில் பிள்ளைப் பொம்மைகள் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஸென்ஸேய் வாசற்படியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். முப்பத்தைந்து வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா?

அன்று பிற்பகல் 1,955 மீட்டர் உயரமுள்ள ட்ஸுருகி சிகரத்தில் ஏறினோம். மூங்கிற்புல் மூடிய உச்சியிலிருந்து மலைக்குப் பின் மலையாகத் தீவு முழுவதும் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. அவ்வளவு அழகிய நாட்டில் 1955-இல் 42 லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். 2020-இல் 37 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். அதே 1955-இல் பள்ளிக் குழந்தைகள் பலர் உட்பட 168 பேர் படகு விபத்தில் மாண்டார்கள். அந்தத் துயரம் ஜனங்களை உலுக்கிற்று. கடலின்மேல் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1988-இல் மாபெரும் பாலமும் திறக்கப்பட்டது. இன்று அபாயமின்றி வரலாம். அபாயமின்றிப் போய்விடவும் செய்யலாம்.

இரண்டு வருஷத்தில் நாங்கள் அங்கே பார்த்த காட்சிகள் அநேகம். அவற்றில் கைகளின் வேலையின்றித் தானே நிலைத்திருப்பது ஒன்றுமில்லை. ஏரிக்கரையை மண்வெட்டிகள் காத்தன. பாலத்தை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பின்னும் விரல்கள் காக்கின்றன. யாத்திரையைக் கமலாப்பழக் கூடைகள் காக்கின்றன. நம் நாட்டிலும் ஏரிக்கும் கால்வாய்க்கும் ஊரார் கூடி உழைத்த குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. பல ஊர்களில் அந்தச் சொல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கரை உடைந்த பிறகு கூகாயைத் தேடுவதைவிட, இருக்கும் கரையில் ஆளுக்கு ஒரு கூடை மண் போடுவது எளிது.

நேயர்கள் யாரேனும் சிகோகுவுக்குப் போக நேர்ந்தால், ஷிரொமினெஜிப் பாதையில் ஒரு நாள் நடந்து பாருங்கள். பலகையருகே யாராவது உட்கார்ந்து பழம் நீட்டினால், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.